அபேட்சகரும் அரிசிப் பானையும்

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. ஏரி இன்னும் இருக்கிறது. அதன் மதகுத் தண்ணீரில் விளைந்த வயல்கள்தாம் இல்லை. வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், இன்று என் அடுப்பு எரிகிற இடத்தையே 'நஞ்சை' என்று எழுதியிருக்கிறது. நெல் விளைந்த மண்ணின்மேல் உட்கார்ந்துகொண்டு, கடை அரிசி வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், முடிச்சூர்ப் பக்கத்துச் சகோதரிகளே, உங்கள் கதையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குப் பாரம்பரிய அரிசிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பொங்கிப் போட்டேன். அவரோ ஒவ்வொரு கவளத்தையும் நூறு தரம் மென்று, "வைக்கோலைத் தின்பதுபோல இருக்கிறதே!" என்பார். விலையைச் சொன்னால் வைக்கோல்கூட இறங்காது என்று, அதை மட்டும் நான் சொல்வதில்லை.

இந்த நிலையில் 2022 பிப்ரவரி மாதம் தேர்தல் வந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், சிட்லபாக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, 2021 நவம்பரில் மாநகராட்சி ஆக்கினார்கள் அல்லவா? அதற்கு நடந்த முதல் தேர்தல். பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் வார்டில் நின்ற அபேட்சகர்களில் ஒருத்தி, முப்பது வயதுகூட நிரம்பாத பெண். கட்சி எது என்று கேட்காதீர்கள். கட்சிக்காக இதை எழுதவில்லை.

அந்தப் பெண் தெருமுனையில் நின்று, சாக்கடையைப் பற்றியும் தெரு விளக்கைப் பற்றியும் பேசாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். "நாம் சாப்பிடுவது சோறு அல்ல, விஷம். வீட்டுக் குப்பையை உரமாக்குவோம். வார்டுக்கு ஒரு இயற்கை அங்காடி வைப்போம். யூரியா போடாத அரிசியை எல்லாரும் சாப்பிடும்படி செய்வோம்" என்றாள். அடேயப்பா, நமக்காகவே ஒருத்தி பிறந்து வந்திருக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓட்டை அப்போதே மனசில் குத்தியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்தப் பெருமையைச் சொன்னேன். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். 1990-க்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டவர். அவருடைய தம்பி கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, எங்கட நாட்டிலயும் ஒருத்தர் இப்பிடித்தான் சொல்லி வந்தவர்" என்றார்.

அவர் சொன்னவர் கோத்தபாய ராஜபக்ச. 2019-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலுக்கு அவர் வெளியிட்ட அறிக்கையிலே, பத்து வருஷத்தில் நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்று எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? உழவர்களுக்குச் சிறுநீரக நோய் வருகிறது, மண் கெடுகிறது என்று அவர் சொன்ன காரணங்களும் வெறும் பொய்யல்ல. ஆனால் பத்து வருஷம் என்றவர், 2021 மே மாதத்தில் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்திவிட்டார். கஜானாவில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. உரம் வாங்கப் பணமில்லை என்று சொல்வதைவிட, உரமே வேண்டாம் என்று சொல்வது கௌரவமாக இருந்ததோ என்னவோ! சீனாவிலிருந்து தருவித்த இயற்கை உரக் கப்பலில் தீங்கு செய்யும் கிருமி இருக்கிறது என்று துறைமுகத்தில் இறக்கவே விடவில்லை. அந்த வம்பு கடைசியில் 67 லட்சம் டாலர் நஷ்ட ஈட்டில் போய் முடிந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனால் பயிர் சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திருக்குமா? காலபோகத்துக்கு விதை விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"தம்பி நேற்றுத்தான் கதைச்சவன். வயல் முழுக்க மஞ்சளாய் நிண்டதாம். வழமையாய் வாற மூடையில அரைவாசிகூட இல்லையாம். இவ்வளவுக்கும் அவன் மாட்டெரு போடுகிறவன்தான். முழுக்க அதை நம்பி விதைக்கிறதெண்டால் ஊரில அத்தனை மாடு வேணுமே, எங்க போறது?" என்று அக்கா கேட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகன் விவசாயக் கல்லூரியில் படித்தவன்; பெங்களூரில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன கணக்கைக் கேளுங்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. நன்றாக மக்கிய மாட்டெருவில் நூற்றுக்கு ஏறக்குறைய அரைப் பங்கு. ஐம்பது கிலோ யூரியா கொடுக்கிற தழைச்சத்தை எருவாகக் கொடுக்க வேண்டுமானால் நாலரை டன்னுக்கு மேல் வேண்டும். "அதனால்தான் அம்மா, இயற்கை விவசாயிகள் எருவை மட்டும் நம்புவதில்லை. தக்கைப்பூண்டு, கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவார்கள், பயறு போடுவார்கள். மண் பழகுவதற்கு இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை குறைகிற விளைச்சலை யார் ஈடு செய்வது என்பதுதான் கேள்வி" என்றான். சிக்கிம் மாநிலத்தில் 2003-ல் ஆரம்பித்து, முழுவதும் இயற்கை விவசாயம் என்று 2016-ல்தான் அறிவித்தார்களாம். பதின்மூன்று வருஷம்! அதுவும் சின்னஞ்சிறு மலைப்பிரதேசம். முன்பிருந்தே உரம் அதிகம் போடாத ஊர்.

நம் வீட்டுப் பெரியவர்கள் உரத்தை ஆசைப்பட்டா வரவழைத்தார்கள்? 1965, 66-ல் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து உலை வைத்த தேசம் இது. நம் சி. சுப்பிரமணியம் அப்போது டில்லியில் உணவு மந்திரி. பங்களாப் புல்தரையைக் கொத்திவிட்டுப் புதுரகக் கோதுமையை விதைத்துக் காட்டினார். அப்படிப்பட்டவரும் 1967 தேர்தலில் தோற்றுப் போனார். மொழிப் போராட்டத்தோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்ட தேர்தல் அது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கிடைத்ததையும் சேர்த்துத்தான் சொல்லுவாள். அரிசி விஷயத்தில் பெண்கள் எதையும் மறப்பதில்லை.

அந்த உரமே பிற்பாடு வினையாகிவிட்டது என்று ஊர் ஊராக நடந்து சொன்னவர் நம்மாழ்வார். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். 2013 டிசம்பரில் கண்ணை மூடுகிறவரை அவர் உத்தரவு எதுவும் போட்டதில்லை. ஒவ்வொரு உழவனாகப் பிடித்து உட்காரவைத்துப் பேசினார்.

மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணிடமும் கேட்டேன். அவள் ரேஷன் அரிசிதான் சமைக்கிறவள். 2011-லிருந்து அது இலவசம். "நல்ல அரிசி குடுத்தா வேணாம்பனா அம்மா? ஆனா நீங்க வாங்குற ஒரு கிலோ அரிசிக் காசுல எங்க வீட்டுல ரெண்டு நாள் கொழம்பு ஓடும்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாளைக்கு முன் அந்த அபேட்சகப் பெண் வீடு வீடாக வந்தாள். மோர் கொடுத்து உட்காரவைத்து, இரண்டே இரண்டு கேள்வி கேட்டேன். "ஏனம்மா, நம் வார்டுக் குப்பை உரம் எத்தனை ஏக்கருக்குக் காணும்? உன் அங்காடி அரிசி, பாத்திரம் தேய்க்கிறவள் வாங்குகிற விலைக்கு வருமா?" கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "எனக்குத் தெரியவில்லை அம்மா. கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன்" என்றாள்.

என் வயசுக்கு எத்தனையோ அபேட்சகர்களைப் பார்த்துவிட்டேன். 'தெரியவில்லை' என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஓட்டுப் போட்டேன். தோற்றுப் போனாள். மார்ச் மாதம் ஒரு நாள் தானாகவே வந்து, "வார்டுக் குப்பை மாடித் தோட்டங்களுக்குக் காணும், வயலுக்குக் காணாது. விலைக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதே வருஷம் மே 18-ந் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு நிவாரணக் கப்பல் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகள். அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதை டெலிவிஷனில் பார்த்தார். "நெல்லு விளையிற ஊருக்கு அரிசி போகுது" என்று மட்டும் சொன்னார். ஜூலையில் கோத்தபாய நாட்டை விட்டே ஓடினார்.

நம் தமிழ்நாட்டு சர்க்காரும் 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பேப்பரில் பார்த்ததும் நான் முதலில் தேடியது, 'எத்தனை வருஷம்' என்பதைத்தான். பழைய நானாக இருந்தால் கை தட்டியிருப்பேன்.

2022 டிசம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறுபடி விமானம் விட்டார்கள். அடுத்த வருஷம் அக்கா போய் வந்தார். தம்பி வயலில் உரம் திரும்பி வந்திருக்கிறதாம். ஆனால் அரை ஏக்கரை மட்டும் உரம் போடாமல் ஒதுக்கி, தன் மாட்டெருவையும் குழையையும் போட்டு மொட்டைக்கறுப்பன் விதைத்திருக்கிறாராம். யாரும் சொல்லி அல்ல, அவராகவே. அதிலிருந்து இரண்டு கிலோ எனக்கு வந்தது. சிவந்த, குண்டு அரிசி. ராத்திரியே ஊறவைத்து மறுநாள் குழைய வடித்தேன்.

வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நன்றாயிருக்கிறதே, இது என்ன அரிசி?" என்றார்.

"வைக்கோல்!" என்றேன்.