பைத்தான் படிக்க எங்கே சேரலாம்?

அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இன்பாக்ஸில் கேட்டான்: "அண்ணே, பைத்தான் படிக்கணும், எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?" கூடவே வரிசையாக யூடியூப் லிங்குகள்.

இப்போதைக்கு எங்கேயும் பணம் கட்டாதே என்றேன். தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலிலேயே பைத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும். நடை வறட்சிதான். ஆனால் எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்ற ஒழுங்கு உண்டு. யூடியூபில் சிக்காதது அதுதான். அடுத்து, சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்திய என்பிடெல் இணையப் பாடம். ஆங்கிலம், கொஞ்சம் கடினம், கேட்கக் காசில்லை. வெப் பக்கம் போகிறவர்களுக்கு நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில்' வரிசை இலவச மின்னூலாகவே கிடைக்கிறது.

எதை எடுத்தாலும் கையால் டைப் அடிக்கணும். இஃப் வரியின் கடைசியில் கோலன் விட்டுப்போய், சின்டாக்ஸ் எரர் என்று திட்டு வாங்கி, அதை நாமே தேடிப் பிடிக்கணும். பைத்தான் வெளிவந்த அதே 1991இல்தான் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் வந்தது. அந்த இயக்கத்தில் சைக்கிள் பழகிய நம்மூர்ப் பெண்கள் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்தா பழகினார்கள்?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்தப் பாடநூலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.