வேம்பு விழுந்த ஏ-40

2020 டிசெம்பர் 2, புரெவி வந்த இரவு. அக்கராயனில் கரண்ட் இல்லை. திருகோணமலைக்கு வடக்கால கரையேறுது எண்டு ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் எங்கட ஒழுங்கையில மூண்டு முருங்கை, ஒரு வேம்பு. முருங்கை விழுறது செய்தியே இல்லை, அது காகம் இருந்தாலும் முறியும். வேம்பு விழுந்தது அப்பையாவின்ர கொட்டிலுக்கு மேல. கொட்டிலுக்குள்ள கார்.

அப்பையா எங்களில் ஒருத்தருக்கும் சொந்தம் இல்லை. ஊரே அப்படித்தான் கூப்பிடும். கார், ஒஸ்ரின் ஏ-40 சோமசெட். 1952க்கும் 54க்கும் இடையில செய்த சாதி. ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில கியர், 1200 சிசி எஞ்சின்.

தொண்ணூறுகளில வன்னிக்குள்ள பெற்றோல் வர விடாத காலத்தில இந்தக் கார்தான் ஊருக்கு அம்புலன்ஸ். சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுக்குத்தான் அந்தப் பெற்றோல். பழைய எஞ்சின்களில அமுக்கம் குறைவு எண்டபடியால் அது மண்ணெண்ணெயைத் தாங்கிச்சுது. பிந்தி வந்த கார்கள் இருமிச் செத்துப்போகும். சோமசெட் புகைச்சுப் புகைச்சுக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும். எங்களில ஒருத்தியின்ர அம்மா பிறந்த மேனியாய்த் தன்ர தம்பியை முதன்முதல் பார்த்தது இந்தக் காரின்ர பின்சீற்றிலதான். ஆசுப்பத்திரி வரைக்கும் பொறுக்காமல் பிறந்த பிள்ளை.

2008இல ஊர் இடம்பெயர்ந்தபோது கார் விசுவமடு வரைக்கும் ஓடினது. அங்கால எண்ணெய் இல்லை. திரும்பி வந்து தேடிப் பிடிச்சபோது ரயர் நாலும் இல்லை, வலப்பக்கப் பின்கதவில ஏழு ஓட்டை. செல் சன்னம். அப்பையா உழவு மிசினில கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டிலுக்குள்ள விட்டவர். பிறகு ஓட்டேல்லை. துடைக்கிறது மட்டும்.

வேம்பைத் துண்டு துண்டாய் வெட்டி எடுக்க ஒரு முழுநாள் போச்சுது. கூரை தொட்டில் மாதிரிக் குழிஞ்சு, முன் கண்ணாடி தூள். அப்பையா ஒண்டும் கதைக்கேல்லை. நாங்கள்தான் பெரிசாய்க் கதைச்சம்: திருத்துவம், வாசிகசாலை முற்றத்தில வைப்பம், அந்த ஏழு ஓட்டையை மட்டும் தொடக்கூடாது, அது வரலாறு எண்டு.

வெளிநாட்டில இருக்கிற மகனுக்கு வேற யோசனை. ரொயோட்டா எஞ்சின் ஒண்டு போட்டு, வெள்ளை பெயின்ற் அடிச்சால் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடலாமாம். உழைக்கிற காரைத்தான் ஆக்கள் பாதுகாப்பினம் எண்டார். அதில நியாயம் இல்லாமல் இல்லை.

அந்தக் கிழமை எங்களில ஒருத்தன் விமானங்களைப் பற்றித் தேடத் தொடங்கினான். எங்கட ஊரில விமானம் எண்டால் பங்கருக்குள்ள ஓடுற சத்தம். பழைய விமானத்தை ஆசையாய்ப் பாதுகாக்கிற ஆக்களும் இருக்கினம் எண்டதே எங்களுக்குப் புதினம். 1992 ஓகஸ்ட் 24, அன்ரூ புயல் புளோரிடாவில கெர்மிட் வீக்ஸ் எண்டவரின்ர விமான அருங்காட்சியகத்தை உடைச்சுப் போட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து பி-17 ஒண்டும் அதில நொருங்கினது. நிப்பாட்டி வைச்ச விமானத்துக்கும் செட்டை செட்டைதான். காத்து வேகமாய் வந்தால் அது எழும்பத்தான் பார்க்கும். அதாலதான் கட்டி வைப்பினம். திருத்துறவையள் முதலில பார்க்கிறது நெளிஞ்ச வெளித்தகட்டை இல்லை. ஆணியளைத் துளைச்சுக் கழட்டி, தகட்டை எடுத்து, செட்டையைத் தாங்குற உள்வளையில வெடிப்பு இருக்கோ எண்டு தேடுவினம். தகடு மாத்தலாம். உள்வளை போனால் கதை வேற.

இதைக் கேட்ட பிறகுதான் மெக்கானிக் மாமாவைக் கூட்டிவந்தம்.

"உது சேசியில ஏத்தி வைச்ச உடம்பு, பிள்ளையள்," எண்டார் அவர். "பிந்தின கேம்பிரிட்ஜ் எண்டால் ரெண்டும் ஒண்டு, கூரை போனால் எல்லாம் கோணும். இதில சேசி சும்மா கல்லு மாதிரி நிக்குது. கூரையைத் தட்டி எடுக்கலாம்."

பிறகு அந்தக் கதவடிக்குப் போய்க் குந்தி, ஸ்குறூ டிரைவரால கீழ்ப்பக்கத்தைக் குத்தினார். பிஸ்கற் மாதிரி உடைஞ்சு விழுந்தது.

"மரம் விழுந்தது ஒருநாள். உந்த ஓட்டையளால தண்ணி போனது பத்து வருசம்."

நாங்கள் காப்பாத்த நினைச்ச ஓட்டையள்தான் காரைத் தின்னுது. பசை வைச்சு அடைச்சால் பிறகு அது அந்தக் கதவு இல்லை. அடைக்காட்டில் கார் மிஞ்சாது. ரெண்டு நாள் சண்டை பிடிச்சம். கடைசியில, கதவைக் கழட்டி எண்ணெய் பூசி அப்படியே வாசிகசாலைச் சுவரில மாட்டுறது, காருக்கு வேற கதவு தேடுறது எண்டு முடிவாச்சுது.

அப்ப அது அதே காரோ? கழிக்கப்பட்டுக் கிடந்த டகோட்டா ஒண்டை 2011இல வாங்கி, இங்கிலாந்தில திருத்தி, 2018இல இந்திய விமானப்படைக்குக் குடுத்தார் ராஜீவ் சந்திரசேகர். தகப்பன் டகோட்டா ஓட்டின விமானி. பேர் பரசுராமா. வாலில எழுதின இலக்கம் விபி 905. 1947இல ஸ்ரீநகரில படையினரை இறக்கின விமானத்தின்ர இலக்கம் அது. ஆனால் அந்த விமானம் இது இல்லை, நினைவுக்காக இலக்கத்தை மட்டும் எழுதினது. எங்களில பாதிப்பேருக்கு அது பொய்யாய்ப் பட்டது, மிச்சப் பேருக்கு அப்படி இல்லை.

அப்பையாவிட்டக் கேட்டம். சிரிச்சார். "எஞ்சினை நாலுதரம் இறக்கி ஏத்தினனான். ஒரு கதவுக்கே இவ்வளவு கதை?" பிறகு மகனுக்குப் போனில சொன்னார்: வெள்ளை பெயின்ற் வேண்டாம், கலியாணமும் வேண்டாம். ஒருக்கா மண்ணெண்ணெயில ஓடவேணும்.

கூரை இப்ப பாதி நிமிர்ந்திட்டுது. குழி முழுக்கப் போகேல்லை, மாமா அதுக்கு மேல தட்டினால் தகடு கிழியும் எண்டார். விட்டாச்சு. சுன்னாகத்தில ஒரு சோமசெட் கதவு இருக்கெண்டு ரெண்டு மோட்டச் சைக்கிளில போய்ப் பார்த்தம். இருந்தது, நல்ல கதவு, ஒரு துரு இல்லை. இடப்பக்கக் கதவு. வலப்பக்கம் கிடைச்சால் சொல்லுறன் எண்டு கடைக்கார அண்ணை எங்கட நம்பரைச் சுவரில கரியால எழுதி வைச்சிருக்கிறார்.