புளியங்கொட்டை வைத்துச் சமன் செய்வோம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும் பாடம் வந்ததும் எங்கள் மாலை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பேனாவை மூடிவிடுவார்கள். "இதெல்லாம் மூளை இருக்கிறவங்களுக்குண்ணா" என்பார்கள். இது அவர்களாகக் கண்டுபிடித்த சொல் அல்ல, வகுப்பறையில் காதில் விழுந்தது. நாங்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள்தாம். "உங்க தெருவுக்கு சயின்ஸ் குரூப் எதுக்கு?" என்று கேட்ட ஆசிரியரை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம்.

தோழர்களே, இதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இது வரும். வினைக்கு முன் எத்தனை அணுவோ, பின்னும் அத்தனையே. மூடிய கலனில் எடை பார்த்துப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் லவாய்சியர் காட்டியதுதான்: நிறை எங்கேயும் மாயமாகாது.

கரும்பலகையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். ஹைட்ரஜனுக்குச் சோளம், ஆக்சிஜனுக்குப் புளியங்கொட்டை. இரண்டு வாயுவுமே ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஒரு தண்ணீருக்கு இரண்டு சோளம், ஒரு கொட்டை. ஆக, ஒரு கொட்டை மிஞ்சும். இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். மிஞ்சியதையும் அதே தண்ணீரோடு ஒட்டிவிடுவார்கள். எண்ணிக்கை சரிதான், ஆனால் கையில் இருப்பது தண்ணீர் இல்லை. அது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற மருந்து. தாகத்துக்கு அதையா குடிப்பது? பொருளுக்குள் கை வைக்கக் கூடாது, முன்னால் நிற்கும் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். இன்னொரு ஜோடி சோளம் வந்தால் இரண்டு தண்ணீர், கொட்டை மிஞ்சாது.

பிறகு வரிசை. உலோகம் முதலில், அப்புறம் கார்பன், கந்தகம், அதன்பின் ஹைட்ரஜன். ஆக்சிஜன் கடைசி. சமையல் சிலிண்டரில் உள்ள புரோப்பேன் சொன்னபடி கேட்கும்: ஒன்று எரிய ஐந்து ஆக்சிஜன், கிடைப்பது மூன்று கார்பன் டை ஆக்சைடு, நான்கு தண்ணீர். அதே சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் பிடிவாதக்காரன். இரண்டு பியூட்டேனுக்குப் பதின்மூன்று ஆக்சிஜன். பதின்மூன்றைப் பார்த்ததும் தப்பு என்று பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். அழிக்காதே, எண்ணிப் பார். நாளுக்கு ஐந்து கணக்கு போதும். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றாவது வாரத்தில் கை தானாக ஓடியது. கைடு பார்த்து மனப்பாடம் செய்வதை நாங்கள் அனுமதிப்பதில்லை. வேறு பொருள் கேட்டால் கதை முடிந்தது.

ஒரு மாலை ஒரு மாணவி கேட்டாள், "சாக்கடை விஷவாயுவுக்கு ஃபார்முலா உண்டாக்கா?" அவள் அப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி.

உண்டு. "விஷவாயு தாக்கி பலி" என்று செய்தித்தாள் எழுதும்போது ஏதோ பாம்பு கடித்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் புகாத கழிவில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையென்று நம்பி இறங்கியவர் மேலே வருவதில்லை, அவரைத் தூக்க இறங்கியவரும் வருவதில்லை. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. ஆனாலும் புகாரில் "மயங்கி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்? எந்த வாயு, எவ்வளவு, இறங்கும் முன் சோதித்தார்களா என்று காவல் நிலையத்தில் நின்று கேட்க நம் பக்கம் ஓர் ஆள் வேண்டும்.

கந்தகத்துக்கு மொச்சையை வைத்தோம். இதே வாயு சாக்கடையின் காங்கிரீட்டையும் அரிக்கிறது. நுண்ணுயிர் துணையோடு ஆக்சிஜனுடன் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. ஒன்றுக்கு இரண்டு ஆக்சிஜன், ஒரு அமிலம். அந்த மாணவி ஒரே தடவையில் போட்டுவிட்டு, "இது ஏங்க்கா புத்தகத்துல இல்ல?" என்றாள்.

அடுத்ததை உங்களுக்கு விடுகிறோம். அதே வாயு எரிந்தால் சல்பர் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். கொட்டைகளை எடுத்து வையுங்கள். வலப்பக்கம் ஆக்சிஜன் மூன்றாக வந்து மறிக்கும். அங்கே இரட்டிப்பாக்குங்கள்.