திரையில் ஓடும் பெயர்கள்



'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். "பிள்ளைகளைக் கெடுக்கிற சனியன், சார்!" என்று தோட்டத்துத் தாய்மார்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. விடிய விடியக் கைப்பேசியில் விளையாடிவிட்டு வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களைப் பற்றி.

சினிமா முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடுகின்றன அல்லவா? இந்த விளையாட்டுகள் முடியும்போதும் அப்படித்தான். படம் வரைந்தவர், கதை எழுதியவர், இசையமைத்தவர், கணக்குப் போட்டுப் பொம்மைகளை ஓட வைத்தவர் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் நம் பிள்ளைகளின் பெயர் எப்போது வரும் என்பதே என் கேள்வி.

காரணம் சொல்கிறேன். 1972இல் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு மின்னியல் கம்பெனிகள் வந்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். என் சின்னம்மாவும் அப்படிப் போனவர்தான். பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுவது அவர் வேலை. அந்தச் சில்லு எந்த ஊர் இயந்திரத்துக்குள் போனது என்று அவருக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் அவருக்கு ஓர் எண் இருந்தது. செய்த பொருளில் பெயர் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் படித்தோம். அதனால் அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்தப் பெயர் இல்லாத விஷயம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த விளையாட்டுகளில் பேர் போன ஜப்பானிலும் பெயர் சும்மா கிடைத்துவிடவில்லை. 1978இல் தைத்தோ என்ற நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. நாடே அதன் முன் குனிந்து நின்றது. ஆனால் 1980களில் பல ஜப்பானிய நிறுவனங்கள், விளையாட்டை உருவாக்கியவர்களின் உண்மைப் பெயரைத் திரையில் காட்டவில்லை. போட்டிக் கம்பெனிக்காரன் நல்ல ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம்! அதனால் புனைபெயர்களே ஓடின.

அந்தக் காலத்தில் வளர்ந்தவர்தான் சாதோஷி தஜிரி. 1965இல் பிறந்தவர். தோக்கியோவை அடுத்த மச்சிடாவில் வளர்ந்தார். வயலும் குளமும் நிறைந்த இடம். சிறுவனுக்குப் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். அவர் வளர வளர, வயல்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, குளங்கள் மூடப்பட்டன. பூச்சிகளும் போயின.

இது நமக்குப் புதிய கதையா? சுங்கை வேக்குப் பக்கத்தில் இருந்த சீபோர்ட் தோட்டம் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் வாழ்கிறது. எஃபிங்ஹாம் தோட்டத்தின் பெயரும் பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராகத்தான் நிற்கிறது. ரப்பர் மரங்கள் போய்விட்டன.

தஜிரி 1983இல் ஒரு சிற்றேடு தொடங்கினார். கையால் எழுதி, நகலெடுத்து, ஊசியடித்து விற்றார். நம் தோட்டத்து இளைஞர் மன்றங்கள் ஒரு காலத்தில் நடத்திய கையெழுத்து ஏடுகள் உங்களுக்கு நினைவு வருகிறதா? அதே கதைதான். ஏட்டின் பெயர் 'கேம் ஃபிரீக்'. விளையாட்டுப் பித்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டு வந்து சேர்ந்த கென் சுகிமோரி அதற்குப் படம் வரைந்தார். தஜிரியின் அப்பாவோ, மகனை மின்சார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்க்கப் பார்த்தார். மகன் மறுத்துவிட்டார்.

1989இல் அந்த ஏடே ஒரு சொந்த நிறுவனமாயிற்று. பிறகு, பூச்சி பிடித்த அந்தப் பழைய மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்துத் தஜிரி ஒரு விளையாட்டைத் தொடங்கினார். ஆறு ஆண்டுகள் இழுத்தது. பணமுடை, ஆட்கள் சிலர் விலகினார்கள். 1996 பிப்ரவரி 27ஆம் நாள் அது வெளிவந்தது. நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்த 'போக்கேமோன்' அதிலிருந்து வந்ததுதான். போக்கேமோன் உரிமையில் இன்றும் கேம் ஃபிரீக்குக்குப் பங்கு உண்டு. இன்னொரு செய்தி: ஆங்கிலத்தில் 'ஆஷ்' என்று வருகிற அந்தத் தொடரின் சிறுவனுக்கு ஜப்பானில் என்ன பெயர் தெரியுமா? சாதோஷி!

"ஜப்பான்காரனுக்கு முடியும், நமக்கு முடியுமா?" என்று கேட்பீர்கள். நம் நாட்டுக்காரர் வான் ஹாஸ்மர், ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தில் 2016இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டசி 15' விளையாட்டின் முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவராக இருந்தவர். நாடு திரும்பி 2017இல் மெட்ரோனோமிக் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஸ்திரீட் ஃபைட்டர் 5'இல் பணியாற்றிய ஓவியர் டாயிம் ஸியாவுடின் துணை நின்றார். 2020 ஆகஸ்டில் அவர்களுடைய 'நோ ஸ்டிரெயிட் ரோட்ஸ்' வெளிவந்தது. பெரிய நிறுவனம் ஒதுக்கித் தள்ளிய இரண்டு இளம் இசைக் கலைஞர்கள், கிட்டாரும் டிரம்ஸும் ஏந்தி எதிர்த்து நிற்கும் கதை. அதைப் பார்த்தபோது, நம் கோயில் திருவிழாவின் உறுமி மேளம் இப்படி ஒரு விளையாட்டில் எழும்பினால் எப்படி இருக்கும் என்றுதான் எண்ணினேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். நன்றாக வரைவான். கணினியில் அசையும் படம் செய்யப் படிக்க வேண்டும் என்று ஆசை. அவன் அப்பாவிடம் பேசப் போனேன்.

"பொம்மை வரைஞ்சா வயிறு நிறையுமா, சார்? கீழே ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க. கம்பெனியில ஆள் எடுக்கறாங்க" என்றார்.

"நீங்க சொல்றதும் சரிதாண்ணே" என்றேன். தஜிரியின் கதையைச் சொன்னேன். உங்கள் மகனும் அப்படி வருவான் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

"எத்தனை வருஷமாச்சு அந்த ஆளுக்கு?"

"ஏடு தொடங்கி பதிமூணு வருஷம். அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் ஆறு வருஷம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரப்பர் கன்னு நட்டா, பால் வெட்ட எங்கப்பா காலத்துல ஆறேழு வருஷம் காத்திருந்தாங்க. ஒரு வருஷம் படிக்கட்டும், சார். சனி ஞாயிறு வேலைக்குப் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு வருஷம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. முடிவு என்னவாகும் என்று எனக்கும் தெரியாது.

பெற்றோர்களே, கைப்பேசியைப் பிள்ளைகள் கையில் தாராளமாகக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரவில் வாங்கி வையுங்கள். ஆனால் மறுநாள், "அந்த விளையாட்டை யாரு செஞ்சது? நீ செஞ்சா எப்படிச் செய்வே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். தீப்பெட்டியில் சிலந்தி வளர்த்துச் சண்டை விட்ட உங்கள் கதையைச் சொல்லுங்கள். கணக்கும் ஓவியமும் கதையும் இசையும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். இவை எல்லாவற்றுக்கும் விதை தமிழ்ப்பள்ளியிலேயே போடலாம்.

என் சின்னம்மாவின் கைகள் சில்லுக்கு உயிர் கொடுத்தன. அந்தச் சில்லில் ஓடும் கதையை நம் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். தங்கள் பெயரையும் சேர்த்தே எழுதட்டும்.