குத்திக் கோட்டையும் மன்றோ துரையும்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் நம்மவர்கள் மந்திராலயம் ரோடு, ஆதோனி, குண்டக்கல் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் குத்தி என்னும் ஊரை அடைவார்கள். ஆங்கிலேயர் அதைக் 'கூட்டி' என்றனர். வெயிலில் காய்ந்த சமவெளியிலே திடீரென எழுந்து நிற்கும் பாறைமலையும், அதன்மேல் வளைந்து செல்லும் மதில்களும் காண்போர் கண்ணைக் கவரும். மராட்டியத் தலைவர் முராரி ராவிடமிருந்து 1776இல் ஹைதர் அலி கைப்பற்றிய கோட்டை இது.

இம்மலையடிவாரத்திலேதான் சென்னை மாகாண கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ முதலில் அடக்கம் செய்யப்பட்டார். 1761இல் கிளாஸ்கோ நகரில் பிறந்த அவர், 1780இல் சாதாரணக் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்திறங்கினார். அவ்வாண்டே ஹைதர் அலியுடன் போர் மூண்டது. பின்னர் வாளை ஒதுக்கி வைத்துவிட்டு, 1792 முதல் ஏழாண்டுகள், இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலில் நிலவரி வேலையில் ஈடுபட்டார். 1800இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பைச் சீமைகள் அவர் பொறுப்பில் வந்தன. ஊர் ஊராகக் கூடாரமடித்து, வயல் வயலாக அளந்து, ஜமீன்தாரை இடையில் வைக்காமல் உழுபவனிடமே சர்க்கார் வரி பெறும் ரயத்துவாரி முறையை அவர் அங்கே வேரூன்றச் செய்தார்.

இதனால் குடியானவன் வாழ்ந்தானா? விடை எளிதன்று. ஜமீன்தாரின் பிடி இல்லை; ஆனால் சர்க்கார் கேட்ட வரியோ மிகக் கடுமை. அதை உணர்ந்து, நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென்று 1807இல் மன்றோவே எழுதினார். மேலிடம் இணங்கவில்லை. பிற்காலத்தில் அவர் கவர்னரான பிறகே அது நடைமுறைக்கு வந்தது. அவர் மறைந்த பின்னும் வரிக்காகக் குடிகள் வதைக்கப்பட்டதை 1855ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. நல்லவர் ஒருவர் வகுத்த முறையாயினும், வரியின் பளு குறையாவிடில் ஏழையின் கண்ணீர் நிற்பதில்லை.

1817–18 மராட்டியப் போரில் மீண்டும் வாளேந்திய அவர், மேஜர் ஜெனரலாகி, 1820இல் கவர்னரானார். அவர் ஆணைப்படி எடுத்த கணக்கில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமை தெரியவந்தது. இந்தியர் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும் நாளில் ஆங்கிலேயர் படிப்படியாக விலகுவதே முறை என்று 1824இல் அவர் எழுதிவைத்தார்.

1827இல் தாயகம் திரும்புமுன், பழகிய மக்களிடம் விடைபெற இச்சீமைக்கு வந்தார். வழியில் வாந்திபேதி கண்டு, ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் காலமானார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மந்திராலயத்தில் ஸ்ரீராகவேந்திரர் அவருக்குக் காட்சியளித்ததாக இன்றும் பக்தர்கள் சொல்வார்கள்.

சென்னைத் தீவுத்திடலருகே சேணமும் அங்கவடியுமின்றிக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஒருமுறை குத்தியிலும் இறங்கலாம். வெயிலேறுமுன், குடிநீருடன் மலையேறுவது நலம். சிலையிலே கவர்னரைக் காணலாம். அவருக்கு வரி செலுத்திய உழவனின் நிலத்தை இம்மலைமேலிருந்துதான் காணமுடியும்.