கிளாவரை வரை

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் மேல்மலைக்குப் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைத்துவிடும். கால் வைக்கத்தான் இடம் கிடைக்காது. என் இருக்கைக்கு அடியில் யாரோ ஒருவரின் அரிசி மூட்டை, நடுவழியில் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள், முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் அடுக்கிய முட்டைத் தட்டுகள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாட்டி ஒரு துணிப்பையை என் காலுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே செருகிவிட்டு, "கொஞ்சம் ஒடுக்கிக்க தம்பி, உள்ள மாத்திரை மருந்து" என்றார். ஒடுக்கிக்கொண்டேன். பூம்பாறை வரைக்கும் அப்படியே.

கொடைக்கானல் வட்டாரத்தில் மலையைக் கீழ்மலை, மேல்மலை என்று பிரித்துப் பேசுவார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு எல்லாம் கீழ்மலை. காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற பக்கம். ஊருக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீள்வது மேல்மலை. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் இங்கே. சுற்றுலா வருகிறவர்கள் இந்தச் சாலையில் பாதி தூரம் வந்து, மன்னவனூர் ஏரியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் முன்பு இரண்டு தடவை அப்படித் திரும்பியவன்தான். இந்த முறை சாலை தீரும் வரை போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் தூரம்.

நட்சத்திர ஏரியைத் தாண்டி வண்டி மேலேறுகிறது. 1863இல் மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது. கொடைக்கானலின் அழகே இயற்கை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் ஏமாந்து போவார்கள். அதற்கு மேலே சூரிய ஆய்வு மையம். 1899இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். உலகம் முழுக்க இயற்பியல் புத்தகங்களில் அவர் பெயரால் அந்த விளைவு இருக்கிறது. பேருந்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் சில்லறை இல்லையென்று ஒருவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

மோயர் முனைக்குப் பக்கத்தில் சாலை பிரிகிறது. இடப்பக்கம் திரும்பினால் தூண்பாறை, பேரிஜம். கார்கள் எல்லாம் அங்கே திரும்ப, எங்கள் பேருந்து மட்டும் நேரே போனது. அதன் பிறகு தைல மரமும் வாட்டில் மரமும்தான் நெடுக. இவை இந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல, வெள்ளைக்காரர் காலம் தொட்டு நட்டு வளர்த்தவை. மலைக்குச் சொந்தமானது மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக்காடு. சின்னச் சின்னத் தடித்த இலைகளும் மரப்பட்டை முழுக்கப் பாசியுமாக இருட்டாக நிற்கும். தைல மரக்காட்டுக்குள் ஐம்பதடி தூரம் பார்க்கலாம். சோலைக்குள் ஐந்தடிகூடத் தெரியாது. மேட்டில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக் கோடையிலும் ஓடை ஓடையாக விடுவது சோலையும் அதை ஒட்டிய புல்வெளியும்தான். இந்த மலைகளின் வடக்குச் சரிவில் வடியும் நீர் அமராவதிக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. கரூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவருக்கு மன்னவனூர் வெறும் சுற்றுலாத் தலமில்லை.

ஒரு வளைவில் திடீரென்று கீழே பூம்பாறை தெரிகிறது. ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் நெருக்கியடித்து ஒரு மேட்டில். சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஒரு படி பச்சை, ஒரு படி இளம்பச்சை, ஒரு படி கிளறிவிட்ட செம்மண். இங்கே கார்களை நிறுத்திப் படம் எடுப்பார்கள். படத்தில் தெரியாதது, அந்தப் படிகளில் ஏறி இறங்கும் வேலை. டிராக்டர் போக வழியில்லாத வயல்கள் நிறைய. எருவும் மூட்டையும் தலையிலோ குதிரை முதுகிலோதான் போகவேண்டும்.

பூம்பாறையில் இறங்கிக்கொண்டேன். குழந்தை வேலப்பர் கோயில் சின்னதுதான். மூலவர் சித்தர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. பழனிக்கும் இதையே சொல்வார்கள். அருணகிரிநாதர் இவ்வளவு தூரம் ஏறி வந்து திருப்புகழ் பாடியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு வழி எப்படி இருந்திருக்கும்! தைமாதத் தேரோட்டத்தில் தேருக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் வடம் கட்டுவார்கள். சமவெளியில் தேர் நகர்ந்தால் போதும். இங்கே சரிவில் நகர ஆரம்பித்த தேரை நிறுத்தவும் ஆள் வேண்டும்.

கோயிலுக்குக் கீழ்த் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். தாளோடு பிடுங்கிய பூண்டு. ஒரு பெண் தரம் பிரித்துப் போட, மாமியார் போலத் தெரிந்த அம்மா ஒரு பிடி எடுத்து, தாள்களை ஒன்று சேர்த்து முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து தள்ளிக்கொண்டே இருந்தார். கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, கண் தெருவில் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே கழியில் வரிசையாகத் தொங்கும் பூண்டுக் கொத்துகள், புகையேறிப் பழுப்பாக. "புகையில கெடந்தாத்தான் கெடாதுங்க. விதைக்கும் அதுதான்" என்றார் அந்த அம்மா. ஒரு பல்லை உரித்துக் கையில் வைத்தார். மென்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தையில் வாங்கும் பெரிய வெள்ளைப் பூண்டு இதற்குமுன் வெறும் தண்ணீர்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான். குறியீட்டால் விலை ஏறியதா என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்தார். பூண்டு பெரும்பாலும் பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விலையை வைப்பது அந்தச் சந்தை. பெயர் மலைக்கு, தராசு சமவெளிக்கு.

இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன்.

பூம்பாறையிலிருந்து மன்னவனூருக்கு அடுத்த பேருந்து வரத் தாமதமாகும் என்றார்கள். காலி கேரட் சாக்குகளோடு போன ஒரு பிக்அப் வண்டியில் தொற்றிக்கொண்டேன். வழியில் வலப்பக்கம் பிரியும் சாலை கூக்காலுக்குப் போகிறது. அங்கேயும் ஓர் ஏரி உண்டு, மன்னவனூர் ஏரியைவிட அமைதியானது. அந்தப் பக்கம் இருக்கும் குண்டுபட்டியில் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேற்றப்பட்டவர்களின் வழி. தேயிலை மலையை விட்டு வந்தவர்களுக்கு மறுபடி ஒரு மலை. அவர்கள் கதையை இப்படி வழியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் போகவேண்டும்.

மன்னவனூர் ஏரி எப்படி இருக்கும் என்று கேட்டால், ஊட்டி ஊராவதற்கு முன்னால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்வேன். சுற்றிலும் புல் மேடுகள், ஒரு பக்கம் காடு, நடுவே கரை தெரியாத அளவுக்குப் பணிவாகக் கிடக்கும் நீர். எழும்பள்ளம் ஏரி என்பது உள்ளூர்ப் பெயர். வனத்துறை டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறது. பரிசல் உண்டு. நான் போனது திங்கட்கிழமை. பரிசல்காரர் இருவரும் கரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். சனி ஞாயிறில் இதே இடத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ஆனாலும் கூட்டம் மேல்மலைக்கு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. புல்லில் படுத்தால் ஈரம் மெல்லச் சட்டையில் ஏறும். மேகம் ஏரிக்கு மேல் இறங்கி, நீரைத் தொட்டு, மறுபடி எழும். ஒரு மணி நேரம் சும்மா கிடந்தேன். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை. அதற்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

ஏரியை விட எனக்குப் பிடித்தது ஆட்டுப் பண்ணை. ராஜஸ்தானில் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இது. 1965இல் தொடங்கினார்கள். இங்கே வளர்ப்பது பாரத் மெரினோ. ராஜஸ்தான் வறண்ட நிலத்து நாட்டு ஆடுகளோடு வெளிநாட்டு மெரினோவையும் ரம்புலேவையும் கலந்து உருவாக்கிய இனம். பாலைவனத்து ரத்தமும் பனிநாட்டு ரத்தமும் கலந்த ஆடு, திண்டுக்கல் மாவட்டத்தில் புல் மேய்கிறது! இறைச்சிக்கான முயல்களையும் வளர்த்து விவசாயிகளுக்குத் தருகிறார்கள்.

பிற்பகலில் பேருந்து வந்தது. காலையில் ஏறிய அதே வண்டியல்ல, ஆனால் அதே முட்டைத் தட்டுகள் என்று சத்தியம் செய்வேன். கவுஞ்சியில் பள்ளிப் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். பூண்டி என்று ஓர் ஊர். அதற்கப்புறம் சாலை ஒடுங்கி, எதிரே ஜீப் வந்தால் ஒருவர் பின்னால் போகவேண்டிய அகலத்துக்கு வந்துவிட்டது. சுற்றுலாப் பலகைகள் நின்றுபோயின. தேன் விற்கும் கடைகள், ஹோம்மேட் சாக்லேட் கடைகள், எதுவுமில்லை. கேரட் கழுவும் இயந்திரம் ஒன்று மட்டும் ஓரமாக உருண்டுகொண்டிருந்தது. வாய்க்காலெல்லாம் சிவப்புத் தண்ணீர்.

கிளாவரையில் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனார். சாலை அவ்வளவுதான். வரை என்றால் மலை, வரை என்றால் எல்லை. இந்த ஊருக்கு இரண்டும் பொருந்துகிறது. எதிரே காடு, காட்டுக்கு அப்புறம் கேரளம், வட்டவடை. நடந்து போய்விடக்கூடிய தொலைவுதான். வட்டவடைக்காரர்களும் தமிழ் பேசுகிறவர்கள், முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அவர்கள் விளைவிப்பதும் பூண்டுதான். அதற்கும் கேரளத்தின் பெயரில் புவிசார் குறியீடு உண்டு. ஒரே மலை, ஒரே பூண்டு, இரண்டு குறியீடு.

"அங்கிட்டு சொந்தக்காரங்க இருக்காங்களா அண்ணே?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பொண்ணு குடுத்து எடுத்த ஊருங்க. முன்னெல்லாம் கல்யாணம் காச்சின்னா நடந்தே போயிருவோம். இப்ப ரெண்டு பக்கமும் காடு கவர்மெண்ட்டோடது. பஸ்ல போகணும்னா மலையை விட்டு இறங்கிச் சுத்தித்தான் ஏறணும்."

அவர் சொன்ன சுற்றுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய கொடைக்கானல் - மூணாறு சாலையை 1990இல் மூடிவிட்டார்கள். கிளாவரையிலிருந்து சாலை போடுங்கள் என்று இந்த ஊர்க்காரர்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். எனக்கு இதில் தெளிவான முடிவு இல்லை என்று சொல்லித் தப்பிக்க மனமில்லை. அந்தக் காட்டில்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது, பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. கார் போகும் சாலை வந்தால் மூணாறு - கொடைக்கானல் ஒரே நாளில் என்று வேன் வேனாக இறங்குவார்கள். அது வேண்டாம். ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போகிற உள்ளூர்க்காரரை மறிப்பதும் வேண்டாம். நடைவழிக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

திரும்பும் பேருந்தில் கூரை வரைக்கும் மூட்டைகள். பீன்ஸ் வாசனையும் மண் வாசனையுமாக வண்டி நிறைந்திருந்தது. கிளாவரையிலிருந்து கிளம்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பதை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூம்பாறையில் பூண்டு வாங்கினால் தாளோடு வாங்கி, சமையலறையில் காற்றாடத் தொங்கவிடுங்கள். நான் ஊருக்கு வந்த களைப்பில் இரண்டு கிலோவையும் பையோடு அலமாரியில் போட்டு வைத்தேன். பாதி முளைத்துவிட்டது.