பத்து நொடித் தீர்ப்பு

போன தசராவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, ஒரு பையனுக்கு அநியாயமா திட்டு வாங்கிக் கொடுத்துட்டேன். அதுக்குப் பிராயச்சித்தமா இந்தப் பதிவு.

ஊர் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயிலும் வேஷம் கட்டுறதும் எல்லாருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினதுல இருந்து ஊர் இன்னும் கொஞ்சம் பேமஸ். சித்தப்பா பையன் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அவன் லேப்டாப்பைப் போட்டா ஃபேன் சத்தம் தெரு வரைக்கும் கேக்குது. "ஏவுதளம் நம்ம வீட்லயே இருக்குண்ணே"ன்னு சிரிச்சான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

"ஏ தம்பி, நீ பொட்டி தட்டுறவன்தான, பாத்துச் சொல்லு. புதுசு வேணுங்கான். சித்தி செயினைத்தான் வைக்கணும்"னார் சித்தப்பா.

நானும் பந்தாவா டெர்மினலைத் திறந்து சிஸ்பெஞ்சை ஓட்டினேன். லினக்ஸ்ல ஒரே வரிக் கட்டளை. நாம வேற எதுவும் சொல்லலைன்னா, ஒரே ஒரு த்ரெட்ல பத்து நொடிக்கு, 10000 வரைக்கும் உள்ள பகா எண்களைத் திரும்பத் திரும்பத் தேடும். நொடிக்கு எத்தனை தடவை முடிச்சதுன்னு கடைசியில சொல்லும். 1100 சொச்சம் வந்தது. கிட்டத்தட்ட என் ஆபீஸ் லேப்டாப் அளவு.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு சித்தப்பா."

"அப்ப இவனுக்குத்தான் உடம்பு வணங்கல"ன்னு ஆரம்பிச்சவர் அரைமணி நேரம் நிறுத்தல. பையன் சாப்பிடாம மாடிக்குப் போயிட்டான்.

சமாதானப்படுத்தப் போனா, "பத்து நொடியில என்னண்ணே தெரியும்? என் ப்ராஜெக்ட் பில்டாக இருபது நிமிஷம் ஆகுது"ன்னான். சுருக்குன்னு இருந்துச்சு.

எட்டு த்ரெட், 600 நொடி, நிமிஷத்துக்கு ஒருதரம் கணக்கு சொல்லுன்னு கட்டளையை மாத்தினேன். பக்கத்து டெர்மினல்ல வெப்பநிலை. முதல் நிமிஷம் 4600. நாலாவது நிமிஷம் 1900! சூடு 97 டிகிரி. கருகிடாம இருக்க ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்குது.

சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல 144 கணினிகளைக் கோத்து 'கப்ரு'ன்னு ஒரு கிளஸ்டர் கட்டினாங்க. இமயமலைச் சிகரம் ஒண்ணோட பேரு. நொடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கணக்கு போட்டு, 2004 ஜூன் டாப்500 பட்டியல்ல ஏறுச்சு. அதுக்கு லின்பேக்னு ஒரு சோதனை. பெரிய சமன்பாட்டுத் தொகுப்பை முழுசா தீர்க்கணும், விடையும் சரியா இருக்கணும். பத்து நொடி ஓடிக் காட்டிட்டு நிக்கிறவனுக்கு அங்க மார்க் கிடையாது. இதெல்லாம் தெரிஞ்சவன்தான் நான்!

காலையில பொட்டியைக் கழட்டினா, உள்ள பூரா தேரிக்காட்டுச் செம்மண். காத்து போற வழியே அடைச்சுக் கிடந்துச்சு. பிரஷ் வச்சு சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் புதுசா தடவி, அதே கட்டளையை மூணு தடவை ஓட்டினேன். கடைசி நிமிஷத்துலகூட 4300-க்குக் கீழ இறங்கல. அவன் ப்ராஜெக்ட் ஒன்பது நிமிஷத்துல முடிஞ்சுது.

பையன் முன்னாடியே சித்தப்பாகிட்ட, "தப்பா அளந்தது நான்தான்"னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. தன் தட்டுல இருந்த மீன் துண்டை எடுத்து அவன் தட்டுல வச்சார்.

டிஸ்கி: என் ஆபீஸ் அப்ரைசலும் பத்து நொடியிலதான் முடியுது. அது வேற கதை :-)